ஒரு வரியும் நகராமல்

என் அண்ணன் பகலில் லிஃப்ட் மெக்கானிக், மாலையில் நாடக நடிகன். இதில் எது தொழில், எது பைத்தியம் என்று அவனுக்கும் அண்ணிக்கும் கல்யாணமான நாளிலிருந்து வழக்கு நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நடிகன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். குழுவில் சேர்ந்த காலத்திலிருந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் கதவு சம்பந்தப்பட்ட வேடங்கள்தான். கதவைத் தட்டும் தபால்காரன், கதவை உடைக்கும் போலீஸ், கதவைத் திறந்து "ஐயா வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் சாத்தும் வேலைக்காரன். ஒரு நாடகத்தில் பிணமாகப் படுத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணி, "குறட்டையை அடக்கிக்கிட்டு அவ்வளவு நேரம் கிடந்தாரே, அதுக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்" என்றாள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த வருஷம் முதன்மை வேடம் வந்தது. குழுவின் டைரக்டர் தொழிலால் பல் டாக்டர். நாடகங்களையும் அவரே எழுதுவார். இந்த முறை எழுதியது, பல வருஷம் கழித்து மகள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஒரு அப்பாவின் கதை. உள்ளே வரட்டுமா என்று கேட்க அந்த மனிதருக்கு வாய் வராது. குழாய் ஒழுகுகிறதா, கதவுக் கீல் கிறீச்சிடுகிறதா என்று சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டே நிற்பார். "வாசல்ல நிக்கிறதுக்கு உன்னை விட்டா எனக்கு வேற ஆள் கிடையாதுய்யா" என்று டைரக்டர் சொன்னாராம். அண்ணன் எனக்கு போன் செய்து இதை மூன்று தடவை சொன்னான்.

"பக்கத்துக்குப் பக்கம் நான்தான் பேசுறேன்" என்றான். "நீதாம்மா எனக்கு ஸ்கிரிப்ட் போட்டுத் தரணும்."

என் தொழில் அதுதான், பக்கம் கோப்பது. சாவி வெட்டும் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, ஒரு கணினி, ஒரு பிரின்டர், நான். பள்ளிப் புத்தகம், பிரஷர் குக்கர் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் ஒருவரும் படிக்காமல் மடிந்து கிடக்கும் காகிதம், எல்லாம் என் கைவண்ணம். நான் பயன்படுத்தும் மென்பொருளில் எதையும் மவுஸால் இழுத்து அங்கே இங்கே வைக்க முடியாது. எந்த எழுத்துரு, என்ன அளவு, அந்த எழுத்துருவுக்குள் இருக்கும் எந்தெந்தச் சிறப்பு வசதிகள் வேண்டும் என்று எல்லாவற்றையும் ஆணையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது படித்துப் பார்த்து, தானே வரி பிரித்துப் பக்கமாக்கித் தரும். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. மனிதர்களிடம் கிடைக்காத குணம் என்பதால் எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

அண்ணனுக்காக எழுத்துருவைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நடிகர்கள் மங்கின வெளிச்சத்தில் நடந்துகொண்டே படிப்பவர்கள். அதனால் சுழிகள் அடைபடாமல் நன்றாகத் திறந்திருக்கும் எழுத்து. இரண்டு எழுத்து அடுத்தடுத்து வரும்போது நடுவில் ஓட்டை விழாமல் இடைவெளியைச் சரிசெய்யும் வசதி. பாத்திரங்களின் பெயர் தடித்த எழுத்தில். மேடைக் குறிப்பைச் சாய்வெழுத்தில் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. சாய்ந்த தமிழ் எழுத்தைப் பார்த்தால் எனக்குப் பிடித்து நிறுத்தத்தான் தோன்றும். அதற்குப் பதில் மெல்லிய எழுத்தைக் கொடுத்தேன். பிரதி அழகாக வந்தது. என் வேலையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்வதில்லையே.

அண்ணன் அதைக் கையில் வாங்கியதிலிருந்து கீழே வைக்கவில்லை. லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கும்போதும் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினான். ஓரமெல்லாம் கிரீஸ் கறை. சில வாரத்தில் முழுவதும் மனப்பாடம். அவன் மனப்பாடம் செய்யும் விதம் தனி. வயரிங் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன், வசனத்தையும் படமாகத்தான் ஏற்றிக்கொள்வான். கண்ணை மூடினால் பக்கம் தெரிய வேண்டும். "இடது பக்கம், கீழேர்ந்து நாலாவது வரி, 'குடை'ன்னு முடியும்" என்பான். பிரித்துப் பார்த்தால் அங்கே 'குடை' இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் தலைக்குள் இருப்பது என் பக்கம் அல்லவா!

பிறகு டைரக்டர் திருத்த ஆரம்பித்தார். பல்லைப் பிடுங்குகிறவருக்குச் சும்மா இருக்கும் வார்த்தையைக் கண்டாலும் கை துறுதுறுக்குமோ என்னவோ. இங்கே ஒரு சொல்லை எடுத்தார், அங்கே இரண்டைச் சேர்த்தார், புத்தகம் முழுக்க. எல்லோருக்கும் புதுப் பிரதி வேண்டும் என்றார். என்னிடம் பழைய கோப்பு அப்படியே இருந்தது. திருத்தங்களைப் போட்டேன், ஓட்டினேன், அச்சடித்தேன், கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் அண்ணி போன் செய்தாள்.

"உன் அண்ணன் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்காரு. லிஃப்டுல யாராவது மாட்டிக்கிட்டா இவரு போய் இறக்கிடுவாரு. இவரே மாட்டிக்கிட்டா யாரு இறக்குறது? நீ கிளம்பி வா."

போனேன். அண்ணன் மடியில் புதுப் பிரதி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எல்லாம் நகர்ந்துடுச்சு" என்றான். "'குடை' வலது பக்கத்துக்குப் போயிடுச்சு. கண்ணை மூடினா பழைய பக்கமும் புதுப் பக்கமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. ஒரு வார்த்தை கூடப் படிக்க முடியல."

"நாலஞ்சு வார்த்தை மாறினதுக்கு இவ்வளவு நகராதேண்ணா" என்றேன். வாங்கிப் பார்த்தேன். ஒரு சொல்லும் மாறாத முதல் பக்கத்திலேயே வரிகள் வேறு இடத்தில் உடைந்திருந்தன. வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராக அறைக்கு வந்து கணினியைத் திறந்தேன்.

என் மென்பொருளில் எழுத்துருவை இரண்டு விதமாக அழைக்கலாம். இன்ன கோப்பு என்று சுட்டிக் காட்டி அழைக்கலாம். அல்லது பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பெயரில் கணினியில் எது இருக்கிறதோ அது எழுந்து வரும். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். இடையில் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது எழுத்துருவின் புதிய பதிப்பு வந்து, பழையதைத் துரத்திவிட்டு, அதே பெயரில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் 'ம' ஒரு மயிரிழை கூடுதல் அகலம், 'க' அரை மயிரிழை கூடுதல் அகலம். வரிக்கு வரி சேர்ந்து, பக்கத்துக்குப் பக்கம் தள்ளி, என் அண்ணனைக் கொண்டுபோய்ச் சுவர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டது.

எழுத்துருவைச் செய்தவர்களிடம் பழைய பதிப்பைக் கேட்டேன். அதில் குறைகள் இருந்ததால் அழித்துவிட்டோம், புதியது இன்னும் அழகு, மகிழுங்கள் என்று பதில் வந்தது. நான் மகிழ்ந்த மகிழ்ச்சியில் கீழே சாவிக் கடைக்காரர் மேலே வந்து, என்ன சத்தம் என்று பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் தன் வழியில் முயன்று பார்த்தான். புதுப் பிரதியை மூடி வைத்துவிட்டு, பழையதன் ஓரத்திலேயே திருத்தங்களைப் பேனாவால் எழுதிக்கொண்டான். அதுவும் வம்பாகப் போயிற்று. ஓரத்தில் எழுதியது அவன் மனதிலும் ஓரத்திலேயே நின்றது. நான் பார்க்கப் போயிருந்த ஒத்திகையில், மகளாக நடிக்கும் மருந்துக்கடைப் பெண்ணைப் பார்த்து, "குழாய் ஒழுகுதாம்மா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "ஒழுகலையாம்மா?" என்று திருத்தத்தையும் சேர்த்துச் சொன்னான். அந்தப் பெண் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான், அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன், எனக்கு அழுகை வந்தது.

டைரக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். பல்லைப் பிடுங்கும் முன் பேசும் அதே இதமான குரல்.

"வெள்ளிக்கிழமை முழு ஒத்திகை. தடங்கல் இல்லாமப் போச்சுன்னா நீதான் அப்பா. இல்லைன்னா கணீர் பண்ணட்டும். மனசுல வச்சுக்காதே."

கணீர் என்பது குழுவில் ஒருவனுக்கு அவன் குரல் வாங்கிக் கொடுத்த பெயர். எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வான். கெட்டவன் அல்ல; கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த அண்ணன், "பரவாயில்லம்மா, கதவு தட்ட யாராவது வேணும்ல" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

"அந்தப் பழைய பிரதியைக் கொடுண்ணா" என்றேன். "ஒரு வரி நகராம உன் பக்கத்தை உனக்குத் திருப்பித் தரேன். திருத்தமும் உள்ளேயே இருக்கும்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியும் என்னோடு அறைக்கு வந்தாள். உதவிக்கு என்று சொன்னாள்; கண்காணிக்க என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். சில பக்கம் சரியாக நின்றது, மற்றதெல்லாம் புதிதாகக் குழம்பியது. அடுத்து, எழுத்துருவுக்குள் இருக்கும் மாற்று வடிவங்களைத் திறந்தேன். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று உருவம் வைத்திருப்பார்கள்; ஆணை கொடுத்தால் வேறு உருவம் வந்து நிற்கும். அதில் 'லை', 'னை' எல்லாவற்றுக்கும் பழங்காலத்து வடிவம் இருந்தது. அது குறைந்த இடத்தில் அடங்கும். சந்தோஷமாக ஒரு பக்கத்தைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னம்மா, 'லை'க்கெல்லாம் தும்பிக்கை முளைச்சிருக்கு? நான் வசனத்தைப் பார்க்கிறதா, யானையைப் பார்க்கிறதா?"

மூடினேன்.

கடைசியில் முரட்டு வழிதான் மிஞ்சியது. மென்பொருளிடம் வரி பிரிக்கும் உரிமையையே பிடுங்கிக்கொண்டேன். பழைய வரி எந்தச் சொல்லில் முடிந்ததோ அந்தச் சொல்லில் முடி என்று ஒவ்வொரு வரிக்கும் தனி ஆணை. வரி நீண்டால் எழுத்துகளுக்கு நடுவில் இடத்தைத் துளித் துளியாகக் குறை, குறைந்தால் துளித் துளியாக விடு. அண்ணி பழைய பிரதியை மடியில் வைத்துக்கொண்டு வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும் உரக்கப் படித்தாள்.

"வாசல். மழை. எதுக்கு. குடை. போனேன். அம்மாவுக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏய், இப்படிப் படிச்சா முழு நாடகத்தை விட நல்லா இருக்கே?"

"டைரக்டர்கிட்டச் சொல்லிடாதீங்க. அதையும் திருத்திடுவாரு."

மென்பொருள் சும்மா இருக்கவில்லை. இங்கே வரி நிரம்பி வழிகிறது, இங்கே வரி தளர்ந்து கிடக்கிறது என்று திரை கொள்ளாமல் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக விட்டது. "என்ன சொல்லுது?" என்று அண்ணி கேட்டாள். "முறைக்குதுங்க அண்ணி." "உன்கிட்ட வேலை செய்யுற யாரா இருந்தாலும் முறைக்கத்தான் செய்வாங்க" என்றாள். இந்த முறை கோப்பைச் சுட்டிக் காட்டித்தான் எழுத்துருவை அழைத்திருந்தேன். அதைப் பற்றி அண்ணி எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டை மறந்தோம். பிற்பகலில் எல்லாம் முடிந்து ஒரே ஒரு வரி பாக்கி நின்றது. கடைசிக் காட்சியில் அப்பா உடைந்து பேசும் இடம். பழைய பிரதியில் அது 'உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்' என்று ஒரு வரி. டைரக்டர் அதை நீட்டியிருந்தார்: 'உன்னைப் பார்க்கத்தான் வந்தேன், எப்படிக் கேட்கிறதுன்னு தெரியாம வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன்.' இதை இரண்டு வரியாக விட்டால் கீழே இருக்கும் எல்லாம் ஒரு வரி இறங்கும், பக்கம் புரளும், அண்ணன் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். ஒரே வரியில் அடக்க வேண்டுமென்றால் துளித் துளியாகக் குறைப்பதெல்லாம் பத்தாது. எழுத்தையே இரண்டு பக்கமும் பிடித்து நெருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. எழுத்தை வரைந்தவர் ஒவ்வொரு சுழியையும் அளந்து வரைந்திருப்பார்; அதை நெருக்கினால் குத்துக்கோடெல்லாம் மெலிந்து, சுழியெல்லாம் மூச்சு முட்டி நிற்கும். அப்படிச் செய்தவர்களை நான் முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கிறேன். ஒருத்தனோடு பேச்சுவார்த்தையே இல்லை.

"என்ன யோசனை?" என்றாள் அண்ணி.

"இதை நெருக்கினா அசிங்கமா இருக்கும்."

"யாருக்கு?"

எனக்குத்தான். வேறு யாருக்கு? அகலத்தைக் குறைக்கச் சொல்லி ஆணை எழுதினேன். பத்தவில்லை, இன்னும் குறைத்தேன். சொற்களுக்கு நடுவில் இருந்த இடத்தையும் உருவிக்கொண்டேன். ஒரே வரியில் அடங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. அப்படியே அச்சடித்தேன்.

சாயங்காலம் அண்ணன் புதுப் பிரதியை வாங்கி, நின்றுகொண்டே புரட்டினான். ஒரு பக்கம் பார்ப்பான், கண்ணை மூடுவான், அடுத்த பக்கம் போவான். நானும் அண்ணியும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம்.

"நிக்குதாண்ணா?"

"நிக்குது." முகம் மலர்ந்தது. "புது வார்த்தையெல்லாம் உள்ளேயே இருக்கு. 'குடை' அதே இடத்துல இருக்கு." கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் புருவத்தைச் சுருக்கினான். "இங்க என்ன, ஒரே கூட்டமா இருக்கு?"

"நகர்ந்து உட்காருங்கன்னு சொல்ல இடமில்லைண்ணா. அங்க அப்படித்தான்."

அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கங்களோடு அலைந்தான். எல்லோருக்கும் அதே பிரதியைத்தான் அடித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகைக்கு நானும் போனேன். நீளமான கூடம், ஓரத்தில் அடுக்கி வைத்த நாற்காலிகள், நடுவில் சட்டம் மட்டும் உள்ள ஒரு கதவு. முன்வரிசையில் டைரக்டர். அவருக்குப் பக்கத்தில் கணீர், மடியில் பிரதியோடு. எந்த வரியில் அண்ணன் விழுந்தாலும் அவன் எழுந்துகொள்ளலாம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் குத்தியது.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். ஆரம்பித்தான். குழாயைக் கேட்டான், கீலைக் கேட்டான். ஒரே ஒரு தடவைதான் கேட்டான். எனக்கு அவன் கண்ணைப் பார்த்தே பக்கம் தெரிந்தது. இதோ இடது பக்கம், இதோ கீழே இறங்குகிறான், இதோ 'குடை'. ஓரிடத்தில் தன்னையறியாமல் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டான். பக்கம் புரள்கிறது என்று எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும். கணீர் ஒரு தாளைக் கூடத் திருப்பாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் காட்சி வந்தது. மகளாக நடிக்கும் பெண், "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்றாள். அண்ணன் அந்த வரிக்கு வந்தான். அதுவரை நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவன், அதை மட்டும் மூச்சு விடாமல், சொல்லோடு சொல் இடிக்க, ஒரே இழுப்பில் கொட்டினான்.

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் எப்படிக் கேட்கிறதுன்னு தெரியாம வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன்."

எத்தனையோ வருஷம் உள்ளேயே அடைத்து வைத்ததை ஒரு மனிதன் வெட்கத்தோடு அவசர அவசரமாக வெளியே தள்ளினால் அப்படித்தான் இருக்கும். அழகாகச் சொல்லியிருந்தால் பொய்யாகப் போயிருக்கும்.

"நிறுத்து" என்றார் டைரக்டர்.

அண்ணியின் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது.

"அந்த வரியை நிறுத்தி நிறுத்தித்தானே எழுதியிருந்தேன்? யாரு உனக்கு இப்படிச் சொல்லக் கத்துக் கொடுத்தது?"

அண்ணன் திகைத்துப்போய் நின்றான். "யாரும் இல்ல சார். பக்கத்துல அப்படித்தான் இருக்கு."

டைரக்டர் தன் பிரதியைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

"இப்படி நெருக்கினது நீயாம்மா?"

"நான்தான்" என்றேன். சண்டைக்குத் தயாராகவே எழுந்து நின்றேன். "வேற வழியில்லாமதான் பண்ணினேன்."

"அதை மட்டும் தொடாதே. அப்படியே இருக்கட்டும்" என்றார். கண்ணாடியைத் துடைத்தார், துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கணீர் பிரதியை மூடி நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டான். நான் தொப்பென்று உட்கார்ந்து அண்ணி தோளில் சாய்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

"மேல போகலாம். விட்ட இடத்திலேர்ந்து" என்றார் டைரக்டர்.

மருந்துக்கடைப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். "மன்னிச்சுக்குங்க, எனக்கு என்ன வசனம்னே மறந்துபோச்சு" என்றாள்.

அண்ணன் வாசலில் நின்றபடியே கண்ணை மூடினான்.

"வலது பக்கம், மேலேர்ந்து மூணாவது வரி, 'உள்ள'ன்னு ஆரம்பிக்கும்" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். கூடத்துக்கே கேட்டது.

அவளுக்கு வந்துவிட்டது.

"உள்ள வாங்கப்பா" என்றாள்.

அண்ணன் உள்ளே போனான்.